குப்பை சேகரிப்பவர்களுக்குப் போன், தராசு, கணக்கு: எதை முதலில், எதைப் பிறகு?

குப்பை சேகரிப்பவர்களுக்கு டிஜிட்டல் உதவி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு செயலியோடு வருகிறார்கள். நானும் சென்னையில் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். செயலி மூன்று மாதத்தில் மறந்துபோனது. இன்றைக்கும் புழக்கத்தில் இருப்பவை ஒரு தராசு, ஒரு நீளமான நோட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோக்கள், அவரவர் பெயரில் ஒரு போன் எண். இவ்வளவுதான்.

சுயஉதவிக் குழு நடத்துபவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தினர், கல்லூரி மாணவர்கள் என்று இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஐந்தாவது படியை முதல் நாளே செய்யப்போய்த்தான்.

தொடங்கும் முன் வேண்டியவை

10 முதல் 15 பேர் கொண்ட ஒரு குழு. அதற்கு மேல் வேண்டாம், முதல் முறை சமாளிக்க முடியாது. ஸ்மார்ட்போன் எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை, குழுவில் இரண்டு பேரிடம் இருந்தால் போதும். ஒரு எலக்ட்ரானிக் தராசு. கணக்கு எழுத ஒரு ஆள்; குழுவில் ஒருவருடைய மகளோ மகனோ பிளஸ் டூ முடித்திருந்தால் நல்லது. பொருளை வாங்கும் காயலான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையை மட்டும் எழுத வைக்காதீர்கள். அவன் நல்ல பையனாகவே இருந்தாலும் அந்த நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் பக்கம் வேண்டியது வாரத்தில் இரண்டு நாள், குறைந்தது மூன்று மாதம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது படிகளை மட்டும் செய்துகொடுத்துவிட்டு வாருங்கள். அதுவே பெரிய உதவி.

1. முதல் வாரம் மூட்டையின் பின்னால் போங்கள்

போனை எடுக்காதீர்கள். காலையில் மூட்டை எங்கே நிரம்புகிறது, எங்கே பிரிக்கிறார்கள், எந்த நேரத்தில் எந்தக் கடையில் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

தெருவில் பொறுக்குபவருக்கும், தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பர் வாங்குபவருக்கும் தேவை வேறு வேறு. பொறுக்குபவருக்கு முதல் கவலை எடை. வண்டிக்காரருக்கோ காலையில் கையில் வாங்கும் பணம் இருக்க வேண்டும், கூப்பிட வீடுகள் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே திட்டத்தைக் கொண்டுபோனால் ஒருவருக்கும் உதவாது.

இன்னொன்றையும் இந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்: யார் யார் காயலான் கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்? முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் போக முடியாது. அது தெரியாமல் "உங்களுக்கு நல்ல விலை தருகிற கடையைப் போனில் காட்டுகிறேன்" என்று நீங்கள் சொன்னால், அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளிலிருந்து உங்கள் கண்ணில் பட மாட்டார்.

அப்புறம், கூப்பிடும் முறை. அக்கா, அண்ணா, அம்மா போதும். தொழிலின் பெயரைச் சுருக்கிச் சொன்னால் அது வசவாகிவிடும் என்பது தமிழில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் படிவத்தில் அந்தச் சொல்லை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. போன் எண் யார் பெயரில் இருக்கிறது?

வங்கி, யுபிஐ, அரசுப் பதிவு எல்லாமே ஓடிபி வரும் எண்ணில்தான் நிற்கின்றன. அதனால் இந்தப் படி முடியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. சிம் யார் பெயரில் வாங்கியது? ஆதாரில் எந்த எண் இருக்கிறது? அந்த எண் இப்போதும் உயிரோடு இருக்கிறதா? ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைச் சரிபார்த்தால், இணைக்கப்பட்ட போன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் தெரியும். "இது என் பழைய நம்பர்" என்பார்கள் பாதிப் பேர். 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் சிம் முடக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்காவது போய்விடும் என்பதைச் சொல்லிவைக்க வேண்டியது இங்கேதான்.

எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு ஆளை நேரில் அழைத்துப் போங்கள். சில இடங்களில் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்துகொடுக்கிறார், தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

நான் செய்த பெரிய தவறு இந்தப் படியில்தான். அவசரத்துக்கு ஏழு பேருடைய வங்கிக் கணக்கில் என் எண்ணைக் கொடுத்துவிட்டேன். "அப்புறம் மாத்திக்கலாம்." இரண்டு மாதம் கழித்து நான் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறேன், இங்கே ஒரு அக்கா வங்கி வாசலில் ஓடிபிக்காகக் காத்து நிற்கிறார். பந்தியில் நான் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் பிழைப்பு போயிற்று. உங்கள் எண்ணை, சங்கத்தின் எண்ணை, கடைக்காரர் எண்ணை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே போன்தான், அதுவும் மகனிடம் என்றால், பட்டன் போனில் அவர் பெயரில் ஒரு சிம் வாங்கிப் போடுங்கள்.

3. வங்கிக் கணக்கு: இருப்பதைத் தேடுங்கள்

புதிதாகத் திறக்க ஓடாதீர்கள். பலருக்கு ஜன் தன் கணக்கு ஏற்கெனவே இருக்கும், பாஸ்புக் தகரப் பெட்டியில் கிடக்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாததால் செயல்படாத கணக்காகியிருக்கும். ஆதாரையும் போட்டோவையும் கொண்டுபோய்க் கேஒய்சி புதுப்பித்தால் உயிர்பெற்றுவிடும்.

முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறுகணக்கு என்றால் வரம்பு உண்டு: இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, வருடத்துக்கு மொத்த வரவு 1 லட்சம், மாதம் எடுக்கக்கூடியது 10,000. தினம் 400, 500 என்று வரவு விழுந்தால் ஒன்பதாவது மாதத்துக்குள் வருட வரம்பைத் தொட்டுவிடும். கணக்கு ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது. முதலிலேயே முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

கைரேகை இங்கே ஒரு தொல்லை. இருபது வருடம் தகரமும் கண்ணாடியும் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு அக்கா பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் கை என்னுதுன்னு மெஷின் நம்பல தம்பி." காலையில் வேலைக்குப் போகும் முன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அழைத்துப் போங்கள். அப்படியும் எடுக்கவில்லையென்றால் கருவிழிப் பதிவைக் கேளுங்கள்.

கணக்கு ஓடத் தொடங்கியதும் விபத்துக் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், வயது 18 முதல் 70 வரை. காப்பீட்டு வருடம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் வழித்தெடுத்திருந்தால் காப்பீடு போய்விடும். மே 25-ஆம் தேதிக்கு என் போனில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

4. யுபிஐ: முதலில் வாங்க மட்டும்

முதல் மாதம் பணம் வாங்கக் கற்றுக்கொண்டால் போதும். அனுப்புவது பிறகு. பணம் வாங்க ரகசிய எண் ('பின்') தேவையே இல்லை என்பதை வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுங்கள். "பணம் வரணும்னா பின் போடு" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணை அவர்கள் போனில் பதிந்தும் கொடுங்கள்.

சோதனையாக 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்று பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்குப் பணம் மறந்துபோன கணக்கில் விழுவது சாதாரணம்.

பட்டன் போன்காரர்களுக்கு *99# என்று அழைக்கும் வழி இருக்கிறது. மெதுவானதுதான், ஆனால் இருப்பு பார்க்க உதவும். க்யூஆர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக் கைப்பிடியில் கட்டிவிட்டால் வாங்குவதற்கு ஸ்மார்ட்போனே வேண்டாம்.

எல்லாப் பணத்தையும் யுபிஐயில் வாங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மாலையில் அரிசி வாங்கப் பணம் கையில் வேண்டும். மகளிர் குழுக் கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்காக இருந்தால், அன்றைய கூலி மொத்தமும் விழுந்த நிமிடமே போய்விடும். எங்கள் குழுவில் பாதி ரொக்கம், பாதி கணக்கில் என்று கடைக்காரரோடு பேசி வைத்திருக்கிறோம். கணக்கில் மாதாமாதம் தெரியும் வரவு பின்னால் வங்கியில் கடன் கேட்கும்போது பேசும்.

5. தராசு

இந்த வழிகாட்டியில் அதிகப் பணத்தை மீட்டுக் கொடுக்கும் படி இதுதான்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். மூட்டை தராசில் ஏறுகிறது, 23.4 என்று காட்டுகிறது. கடைக்காரர் "சாக்குக்கு ஒண்ணு" என்று சொல்லி 22.4 எழுதுகிறார். பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு ஒன்று சுமார் 120 கிராம்தான் இருக்கும். 880 கிராம் போயிற்று. பேச்சுக்கு கிலோ 15 ரூபாய் என்றால் 13 ரூபாய் 20 காசு. ஒரு நாளைக்கு மூன்று மூட்டை, மாதம் 25 நாள்: 990 ரூபாய். எந்தச் செயலியும் இவ்வளவு பணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

குழுவுக்கு 100 கிலோ வரை எடை போடும் மேடைத் தராசு ஒன்று வாங்குங்கள். பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும், பிரிக்கும் இடத்தில் மின்சாரம் இருக்காது. தகட்டில் குறைந்தபட்ச எடை போட்டிருப்பார்கள். 10 கிராம் துல்லியத் தராசில் அது 200 கிராமாக இருக்கும். அதற்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. செம்புக் கம்பி 150 கிராம்தான் கிடைத்தது என்றால் அதைச் சின்னத் தராசில் போட வேண்டும். விலை கூடின பொருளைப் பெரிய தராசில் போட்டு ஏமாறுவது தினம் நடக்கிறது.

கற்றுக்கொடுக்க வேண்டியவை நான்கு. தரை சமமாக இருக்க வேண்டும். ஏற்றும் முன் பூஜ்யம் தெரிய வேண்டும். காலிச் சாக்கை வைத்து 'டேர்' பொத்தானை அமுக்கினால் சாக்கின் எடை கழிந்துவிடும். வாரம் ஒருமுறை முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும், ஐந்து இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். டேர் பொத்தானை வாயால் விளக்காதீர்கள். அவர்கள் கையாலேயே காலிச் சாக்கை வைத்து அமுக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத பலருக்கு எண் நன்றாகத் தெரியும். 120 என்று இருந்தது 0 ஆவதைப் பார்த்த கணத்தில் எங்கள் குழுவில் ஒரு பாட்டி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அப்போ இத்தினி நாளு?" என்றார் அடுத்ததாக.

சட்டப்படி, கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படும் எலக்ட்ரானிக் தராசை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் இதைப் பார்க்கிறார். உங்கள் தராசைச் சரிபார்க்க மட்டும் வைத்திருந்தாலும் முத்திரை வாங்கிவிடுங்கள். கடைக்காரர் "உங்க தராசு தப்பு" என்று சொன்னால் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் மாதம் எடையைக் குறித்துக்கொண்டு மட்டும் வாருங்கள். எத்தனை கிலோ வித்தியாசம் என்று எண் கையில் இருந்தால் பேச்சு தானாகத் தணிந்த குரலில் நடக்கும்.

6. எடையைப் பதிவது

மூட்டை தராசில் இருக்கும்போதே, எடை தெரியும்படி ஒரு போட்டோ. குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். நேரமும் தேதியும் தானாக வந்துவிடும். யாருடைய மூட்டை என்பதற்கு ஆளுக்கொரு நிற நாடா: சிவப்பு ஒருவருக்கு, மஞ்சள் ஒருவருக்கு. பெயர் எழுதத் தேவையில்லை, போட்டோவிலேயே தெரியும். எங்கள் குழுவில் நிறம் தீர்ந்துபோய் ஒருவர் பூப்போட்ட புடவைத் துண்டு கட்டுகிறார்.

இரவில் கணக்கு எழுதுபவர் போட்டோக்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை நோட்டிலிருந்து கூகுள் ஷீட்ஸில் ஏற்றலாம். நேரடியாக ஷீட்டில் ஏற்றினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நோட்டை அக்காக்கள் கையில் வாங்கித் தங்கள் பக்கத்தைப் பார்க்க முடியும், ஷீட்டைப் பார்க்க முடியாது. அதனால் நோட்டுதான் மூலம்.

பத்திகள்: தேதி, நாடா நிறம், பொருள், நம் எடை, கடை எடை, விலை, தொகை, முன்பணத்தில் பிடித்தது, கைக்கு வந்தது. பொருளுக்குப் படம் வரையுங்கள்: பாட்டில், அட்டைப்பெட்டி, பால் கவர், உடைந்த குடம், தகரம். நம் எடையும் கடை எடையும் தனித்தனிப் பத்தியாகவே இருக்க வேண்டும். மழை நாளில் அட்டைக்கு 'ஈரம்' என்று கழிப்பது நியாயமானதாகவும் இருக்கலாம். அதைத் தனியாகக் குறித்து வைத்தால்தான் வெயில் நாளிலும் கழிக்கிறார்களா என்று தெரியும்.

புதியவர்கள் இங்கே செய்கிற தவறு இருபது பத்தி போடுவது. ஆய்வுக்கு ஆகும் என்று வயது, ஊர், சாதி எல்லாம் கேட்பார்கள். வேண்டாம். நாலாவது நாள் நோட்டு நின்றுவிடும்.

எடைக் கணக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கொலம்பியாவின் பொகோட்டா நகரம் இருக்கிறது. அங்கே 2013 முதல் குப்பை சேகரிப்பவர்களுக்கு, அவர்கள் எடை நிலையத்தில் பதிந்த கிலோக்களைக் கணக்கிட்டு, மறுசுழற்சிப் பொருளைச் சேகரித்துக் கொண்டுவந்த சேவைக்காக நகர நிர்வாகம் தனியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பொருளை விற்ற காசு வேறு. பதிவு இல்லாத கிலோவுக்கு அந்தப் பணம் கிடையாது.

7. அரசுப் பதிவுகள்

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இலவசம். வயது 16 முதல் 59 வரை. ஆதார், அதனோடு இணைந்த போன் எண், வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது படிகளை முடித்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஆதாரில் போன் எண் இணையாதவர் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பதியலாம். சந்தேகத்துக்கு 14434.

தொழில் என்ற இடத்தில் கவனம். அவசரத்தில் பட்டியலில் முதலில் தெரிவதை, பெரும்பாலும் விவசாயக் கூலி என்று, அமுக்கிவிடுவார்கள். குப்பை சேகரித்தல், தரம் பிரித்தல் என்ற தொழில்கள் பட்டியலில் தேடினால் கிடைக்கும். தொழிலைச் சரியாகப் பதியாவிட்டால் இந்தத் தொழிலுக்கென்று எதுவும் வரும்போது உங்கள் ஆட்கள் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-இல் குப்பை சேகரிப்பவர்களையும் சேர்த்தார்கள். அடையாள அட்டை, பாதுகாப்பு உபகரணம், ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு ஆகியவை அதில் உண்டு. இதற்கான கணக்கெடுப்பு தனி, இ-ஷ்ரம் அட்டை இருப்பதால் தானாகச் சேர்ந்துவிடாது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டு, கணக்கெடுப்பவர் வரும் நாளில் ஆட்கள் இருக்கும்படி பாருங்கள். அவர் பகல் 11 மணிக்கு வருவார், அப்போது எல்லோரும் தெருவில் இருப்பார்கள். முன்கூட்டியே பேசி அதிகாலை அல்லது மாலை வரவழைத்தால்தான் பெயர் ஏறும்.

அட்டை வந்தால் பணம் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆதார் நகலைக் குழு வாட்ஸ்அப்பில் போடவும் விடாதீர்கள்.

8. வாடிக்கையாளர்கள், அதாவது வீடுகள்

இது வண்டிக்காரர்களுக்கு. செயலி எழுதும் ஆசை இங்கேதான் எல்லோருக்கும் வரும். பிரேசிலில் 2017-இல் சாவ் பாவ்லோவில் தொடங்கிய கட்டாக்கி என்ற செயலியைப் பாருங்கள். அருகில் இருக்கும் சேகரிப்பவரைக் காட்டும், அவருக்கே போன் போகும், விலையை இருவரும் பேசிக்கொள்வார்கள், செயலிக்குக் கமிஷன் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது அந்தப் போன் அழைப்பு. மீதியை நாம் ஒரு துண்டுச் சீட்டிலேயே செய்துவிடலாம்.

50 வீடு உள்ள ஒரு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், வருகிறவரின் சம்மதத்தோடு, அவர் பெயர், எண், வருகிற கிழமை, எடுக்கும் பொருள் ஆகியவற்றைப் போடச் சொல்லுங்கள். கிழமையை மாற்றாதீர்கள். வீட்டுக்காரர்கள் எழுதி அனுப்பும் செய்தியை வண்டிக்காரர் படிக்க முடியாமல் போகலாம், குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். காவலாளியிடம் நீங்களே ஒருமுறை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள். வாசலில் நிறுத்தப்பட்டால் இதுவரை செய்த எதுவும் உதவாது.

9. மாதக் கடைசியில் நோட்டை வாசிப்பது

மாதம் ஒரு ஞாயிறு மாலை எல்லோரும் உட்கார்ந்து, நோட்டை உரக்க வாசிக்க வேண்டும். நிறத்தைச் சொல்லி, கிலோவைச் சொல்லி, முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று சொல்லி. அடுத்தவர் முன் முன்பணத்தை வாசிக்க வேண்டாம் என்பவருக்குத் தனியாக.

இதற்குப் பிறகுதான் கடைக்காரரோடு பேச்சு. சாக்குக்காகக் கழிப்பதை முதலில் எடுங்கள், அது மறுக்க முடியாதது. இரும்பு, அலுமினியம் விலையில் "ஜிஎஸ்டிக்குப் பிடிக்கிறேன்" என்று கழித்தால் கேளுங்கள்: 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் ஜிஎஸ்டி பதிவுபெற்ற வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும், அதை அவர் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பதிவே இல்லாத சின்னக் கடை என்றால் அப்படிக் கழிக்கக் காரணமே இல்லை.

நோட்டும் ஷீட்டும் குழுவுக்குச் சொந்தம். ஷீட்டைக் குழுவில் ஒருவருடைய கூகுள் கணக்கில் திறந்து, உங்களுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டு சிவப்பு நாடா அக்கா வீட்டில், அரிசி டப்பாவுக்குமேல் இருக்கிறது. எனக்குப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வேலை முடித்து வரும்வரை நான் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.